ஒரு லோடு மண்

எங்கள் வீட்டுக்கும் ஜெயவேல் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆரணி கொசப்பாளையத்தில் ஓடு போட்ட ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து, தெற்குப் பாதியை அவர்களுக்கும் வடக்குப் பாதியை எங்களுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார் அருணாச்சலம். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனுடைய தறி. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் மணவாளனுடைய தறி. இழையை நெருக்குகிற இரண்டு தறிப் பலகையும் சேர்ந்து அடிக்கும்போது சமையல்கட்டில் கத்தித்தான் பேச வேண்டும்.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது மணவாளன் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுபோனார்கள். தறியை விற்றேன். தறிக்குக் கீழே காலை விட்டு மிதிக்கத் தோண்டிய குழியை என்ன செய்வது? மேலே பலகையைப் போட்டு மூடி, அதன்மேல் அரிசி டிரம்மை வைத்தேன். பிறகு அண்ணன் தறிக்குக் குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டும், ஜாக்கெட் தைத்துக்கொண்டும் இருந்தேன். அந்தப் பக்கத்துப் பலகைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அது காலையில் தொடங்கினால்தான் எனக்கு அடுப்பு பற்றவைக்கத் தோன்றும்.

குழித்தறிக்காரர்கள் வாடகைக்கு வீடு தேடும்போது முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். சிமெண்டு போட்ட தரையை உடைக்க எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? அருணாச்சலம் சம்மதித்தார். “தோண்டிக்கோ. போவும்போது தோண்டினவனே மூடிட்டுச் சாவியக் குடு” என்று மட்டும் சொன்னார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. இன்னொரு வழக்கமும் உண்டு. தறியில் பாவு ஏறியிருக்கும்போது குடியிருப்பவனைக் காலி செய்யச் சொல்லி எழுப்பமாட்டார்கள். பாவு என்பது மூன்று சேலைக்கோ நான்கு சேலைக்கோ நீளமாக ஏற்றிய பட்டு. பாதியில் இறக்கினால் சிக்கலாகி வீணாகிவிடும். அதனால், பாவு இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

அருணாச்சலம் இறந்த அடுத்த ஆனி மாதத்தில் அவர் மகன் ஹேமநாத் மெட்ராஸிலிருந்து காரில் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தறிக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தான். தார் கொடுக்கப் போன நானும் நின்றேன். எனக்கும் சேர்ந்த சேதிதானே.

“வித்துரலாம்னு கீறோம்ணே. உங்களத்தான் மொதல்ல கேக்கறேன். வெளில நாப்பத்தஞ்சு சொல்றாங்க. உங்களுக்குன்னா நாப்பது” என்றான்.

“நாப்பதாயிரமா தம்பி?” என்றார் அண்ணன், ஊடையை ஓட்டுகிற நாடாவை நிறுத்தாமல்.

ஹேமநாத் சிரித்துவிட்டான். “லட்சம்ணே.”

“ஓடு ஒழுவுற வூட்டுக்கு?”

“வூட்டுக்கு யாரு குடுக்கறா? மனைக்குத்தான் வெல. வாங்கறவன் மக்யா நாளே ஜேசிபி வுட்டு இடிச்சிட்டுக் கடை கட்டிடுவான்.”

அண்ணன் இப்போது நாடாவை நிறுத்தினார். “உங்கப்பா என்னாண்ட ரெண்டு லட்சத்துக்கு எடுத்துக்கோன்னாரு, தெரியுமா?”

“எடுத்துகினு இருக்கலாமேண்ணே” என்றான் அவன்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னான். அதுதான் அண்ணனுக்கு உறைத்தது. எழுந்து போகும்போது ஹேமநாத் தறியை எட்டிப் பார்த்தான். அவனும் இந்தத் தெருவில் ஓடி விளையாடினவன். “பாவு எப்ப எறங்கும்?” என்று கேட்டான்.

“ஆடி கடைசி ஆவும்.”

“சரி, எறங்கட்டும். அப்பால பேசலாம்.”

ஜெயவேல் அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ராதிகாவைச் சந்தவாசலில் கொடுத்திருந்தது. இளையவள் பவித்ரா செய்யாறு சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். முப்பது வயது ஆகியிருந்தது. போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, பெண்ணைப் பிடித்து, காபி குடித்து, எழுந்திருக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஓட்டைப் பார்த்தபடி, “வூடு சொந்தந்தானே?” என்று கேட்டாள். “இருவத்தாறு வருசமா இங்கதாம்மா கீறோம்” என்றார் அண்ணன். அவர்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பவித்ராவின் போனில் வீட்டுப் படங்கள்தான். கல்யாணத்துக்காக என்று நினைத்துவிடக் கூடாது. “நாளைக்கு ஒருத்தன் வந்து எழுப்புவான் அத்தை, அப்ப அப்பாவும் அம்மாவும் எங்க போவாங்க?” என்று என்னிடம் கேட்பாள்.

ஹேமநாத் வந்துபோன பிறகு அவள் வந்தவாசி ரோட்டில் ஒரு வீட்டைப் பேசி முடித்தாள். இருபத்தெட்டு லட்சம். ஆவணியில் குடிபோவதாக ஏற்பாடு. பேங்க்கில் தவணையும் கட்டி இங்கே வாடகையும் கட்ட அவள் சம்பளம் தாங்காது. பாவு இறங்கியதும் மூன்று பேரும் போய்விட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தாள்.

ஆடி கடைசியில் ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் உள்ளே நுழைந்தபோது, தறிக்கு முன்னால் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். பாவு பிணைக்கிறவள். பழைய பாவு முடியும்போது கடைசி முழத்தை நெய்யாமல் வாலாக விட்டுவிடுவார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த வாலோடு சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். நாள் முழுக்க ஆகும். பாஞ்சாலை முக்கால்வாசி முடித்திருந்தாள். மாம்பழ நிறத்தில் நாலு சேலைப் பாவு.

“இன்னாப்பா இது?” என்றாள் பவித்ரா.

“பாவு.”

“அது தெரியுது. யாரக் கேட்டு ஏத்தினீங்க?”

“என் தறிக்குப் பாவு ஏத்த நான் யாரக் கேக்கணும்?”

பாஞ்சாலை தலையைத் தூக்காமல், “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கூப்ட்டாரு, வந்தேன்” என்றாள்.

வந்தவாசி ரோட்டு வீடு கைவிட்டுப் போனது. கார்த்திகையில் புதுக்காமூர்ப் பக்கம் இன்னொரு வீடு அமைந்தது. அதைவிடச் சின்னது. முப்பத்தொன்று சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் விருத்தாம்பாள் அண்ணியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு ஹால், இரண்டு அறை, மேலே தண்ணீர்த் தொட்டி. அண்ணி சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வருவதைப் பார்த்து, மூடினாள். மறுபடி திறந்தாள். “கொடம் தூக்க வாணாம்ல?” என்று மட்டும் கேட்டாள். தறி போட ஹாலில் இடம் இருந்தது. குழி வேண்டாத இரும்புச் சட்டத் தறிக்குத் திருமலை போகிற வழியில் ஒருவரிடம் பவித்ரா சொல்லிவைத்திருந்தாள். வீட்டுக்காரர், “மார்கழி பொறக்கறதுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிக்கணும்மா. செய்யார்லேருந்து ரெண்டு பேரு பாத்துட்டுப் போயிருக்காங்க” என்றார்.

அண்ணன் தறியில் அப்போது மூன்று சேலை நெய்து அறுத்தாகிவிட்டது. நாலாவது சேலை பாதியில் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கார்த்திகை மழையில் அந்த வீட்டுக் குழிகளில் ஊற்று வரும். அண்ணன் காலையில் சொம்பால் இறைப்பார். ஒரு சாண் நெய்வார். “தண்ணி ஊறுது, பட்டு பிசுபிசுங்குது” என்று எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார். மற்ற வருஷங்களில் அதே தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நெய்தவர்தான்.

அன்றைக்கு நான் தார் கொடுக்கப் போனபோது இருட்டுகிற நேரம். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் ஒழுகலுக்குக் குண்டான் வைத்திருந்தார்கள். அண்ணி களி கிண்டி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். “குந்து அபிதா, ஒரு வாய் துன்னுட்டுப் போ” என்று எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். பவித்ரா கம்பெனிச் சீருடையைக் கூட மாற்றவில்லை.

“அப்பா, நாளைக்காச்சும் ஒக்காந்து நெய்வீங்களா?”

“தண்ணி ஊறுதே.”

“மோட்டார் வாடகைக்கு எடுத்தாரேன்.”

“மோட்டார் போட்டா மண்ணு சரியும். அந்தக் குழிய நான் தோண்டனேன். எனக்குத் தெரியும்.”

“ரெண்டு வாரந்தாம்ப்பா கீது. அந்த வூடும் பூட்டுதுன்னா இனிமே முப்பத்தஞ்சுக்குத்தான் பாக்கணும்.”

“போவட்டும். வெல எறங்கும்.”

“எப்ப எறங்கிச்சு?” பவித்ரா தட்டைத் தள்ளி வைத்தாள். “சொல்லுங்க. நான் பொறந்ததுலேருந்து ஒரு தபா எறங்கியிருக்கா? ரெண்டு லட்சம் அதிகம்னீங்க. அப்பால எட்டு சொன்னப்ப எறங்கும்னீங்க. பதினஞ்சு சொன்னப்பவும் எறங்கும்னீங்க.”

“எங்கப்பன் சந்தவாசல்ல கடன வாங்கி, நெலத்தத் தோத்துட்டு, ராவோட ராவா மூட்டையக் கட்டிகினு இந்த ஊருக்கு வந்தாரு. அந்த மூட்டமேல ஒக்காந்துகினு வந்தவன் நான். கடன்னா இன்னான்னு உனக்குத் தெரியாது.”

“வட்டிக்காரன்கிட்ட வாங்கினது அது. இது பேங்க்கு.”

“பேங்க்குன்னா சாமியா? இருவது வருசம் கட்டணும்ங்கிற. உன் கம்பெனி இருவது வருசம் இருக்கும்னு யாருனா எழுதிக் குடுத்தானா?”

“உங்க தறிக்கு எழுதிக் குடுத்தாங்களா? இந்த வூட்டுக்கு எழுதிக் குடுத்தாங்களா?”

“ஹேமநாத் நம்ம பையன். பாவு கீற வரைக்கும் எழுப்ப மாட்டான்.”

“அதான் பாவ வச்சிகினு அவன மெரட்டறீங்களா?”

அண்ணி குறுக்கே வந்தாள். “அடியே, களி ஆறுது. துன்னுட்டு சண்ட போடு.”

“நீ சொல்லும்மா. கொழாயத் தொறந்து தொறந்து பாத்தியே. சொல்லு, உனக்கு வாணாமா?”

அண்ணி குண்டானை நகர்த்தி வைத்தாள். “எனக்கு இன்னா? ஒழுவாத எடத்துல ஒரு பாய் போட்டா போதும்.”

“கேட்டுக்கோங்க” என்றாள் பவித்ரா.

அண்ணன் களியைக் குழம்பில் தோய்த்து, வாயருகே கொண்டுபோய், வைக்காமல் நிறுத்தினார். “நீ வாங்கிக்கோ. நான் வாணாம்னா சொன்னேன்? வாங்கு. உங்கம்மாவக் கூட்டிகினு போ. நான் வரல.”

“ஏன்?”

“பொண்ணு வாங்கின வூட்ல குந்திகினு சோறு துன்னணுமா நான்? நாளைக்கு ஒருத்தன் உன்னக் கட்டிகினு வருவான். மாமனாரு நம்ம வூட்ல ஓசில கீறாருன்னு மனசுல நெனப்பான். வாய்ல சொல்ல மாட்டான், நெனப்பான். நான் வாடகை குடுத்து இருந்தவன். ஒரு மாசம் தவறினது இல்ல. எவனும் என்ன ஒரு வார்த்த கேட்டது இல்ல.”

அதுதான் விஷயம் என்று எனக்கு அப்போது புரிந்தது. பவித்ராவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் முகம் மாறியது. ஆனால் வந்த கோபம் நிற்கவில்லை.

“புள்ளயா பொறந்திருந்தா வந்திருப்பீங்க.”

அண்ணன் எழுந்து கையைக் கழுவிவிட்டு, மழையில் நனைந்தபடி தெருவுக்குப் போய்விட்டார். தட்டில் களி பாதி இருந்தது.

அடுத்த வாரம் ராதிகாவின் பையனுக்குச் சந்தவாசலில் காது குத்து. தாய்மாமன் இல்லாத வீடு. அண்ணன்தான் போய் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணனும் அண்ணியும் புறப்பட்டார்கள். “கம்பெனில லீவு இல்ல” என்று பவித்ரா நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் கண் விழித்ததே பலகைச் சத்தத்தில்தான். ஒரு கணம் அண்ணன் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் காது கொடுத்துக் கேட்டேன். அண்ணன் அடித்தால் ஓர் அடி அழுத்தி விழும், அடுத்தது தட்டினாற்போல் விழும். இது எல்லா அடியும் ஓங்கி விழுந்தது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

பவித்ரா நைட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில், அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு முழம் இரண்டு முழம் நெய்வாள். அதற்கப்புறம் அவளைத் தறியில் நான் பார்த்ததில்லை. குழியில் கெண்டைக்கால் அளவு தண்ணீர். மிதிபலகை தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது.

“அத்தை, தார் தீரப் போவுது. சுத்திக் குடுக்கறீங்களா?” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“உங்கப்பாவுக்குத் தெரியுமாடி?”

“தெரிஞ்சா உடுவாரா?”

“கம்பெனி?”

“சம்பளத்துல புடிச்சிப்பாங்க.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் நாடாவை இழுப்பதை நிறுத்தினாள். நான் எதற்காக நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பாவு இறங்கிவிட்டால் வீட்டை விற்பதற்கு ஹேமநாத்துக்குத் தடை இல்லை. என் பாதியும் சேர்ந்துதான் போகும். எனக்குப் பாவும் இல்லை, பெண்ணும் இல்லை.

“உங்களுக்கும் வூடு பூடும்” என்றாள் மெதுவாக. “எனக்குத் தெரியும் அத்தை. வாணாம்னா சொல்லுங்க. எழுந்துக்கறேன்.”

மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஓட்டிலிருந்து குண்டானில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு ராட்டையை எடுத்துவந்து அவள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தேன்.

பகல் முழுக்க நெய்தாள். நடுவில் என் போன் அடித்தது. அண்ணி.

“மழ அங்க எப்பிடி கீது அபிதா?”

“விட்டு விட்டு வருதுண்ணி.”

“இங்கயும் அப்பிடித்தான். காது குத்து முடிஞ்சிது. ஒங்கண்ணன் இன்னிக்கே பொறப்படணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எனக்கு முட்டி புடிச்சிகிச்சு. எழுந்துக்கவே முடியல.” சற்று நிறுத்தினாள். பலகைச் சத்தம் போனில் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். “இன்னும் எவ்ளோ நாளைக்கு முட்டி வலிக்கும்னு தெரியல” என்றாள்.

நான் தறியைப் பார்த்தேன். முந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. “நாளக்கழிச்சு சரியாப் பூடும்ணி” என்றேன்.

“அப்ப சரி” என்று போனை வைத்துவிட்டாள்.

சொன்ன நாளுக்குச் சேலை முடிந்தது. வாலை ஒரு முழம் விட்டு அறுத்தாள். அறுத்த முனையைப் பிடி பிடியாக முடிந்து, இழை கோத்த அச்சையும் விழுதையும் வாலோடு சேர்த்துச் சுருட்டி, அண்ணனுடைய பழைய வேட்டியில் வைத்துக் கட்டினாள். தறிக்காரர்கள் வீடு மாறும்போது அப்படித்தான் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியான பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். அண்ணன் வாசலிலேயே நின்றார். அவருக்குத் தறி தெரிவதற்கு முன்னால், பாவு இல்லாத சட்டத்தின் வழியாகப் பின்சுவர் தெரிந்திருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சுவரை அங்கே நின்று யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. அண்ணி அவரைத் தாண்டிக்கொண்டு வேகமாக உள்ளே போய்ப் பையை வைத்தாள். முட்டி வலியெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“யாரு?” என்றார் அண்ணன்.

“நான்தான்” என்றாள் பவித்ரா. எழுந்திருக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். என் முன்னால் ராட்டை இருந்தது. நெய்த சேலையைச் சுற்றிவைக்கிற படமரத்திலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது.

“இங்கேருந்து உன் கையி.”

“ம்.”

“எவ்ளோ நெருக்கி அடிச்சிகீற பாரு. பட்டா, தார்ப்பாயா? கோவத்துல அடிச்சா இப்பிடித்தான்.”

“கோவந்தான்.”

“பட்டு குடுத்த மொதலாளி கேப்பாரு.”

“நானே போயி சொல்றேன்.”

“நீ இன்னா சொல்லுவ? எங்கப்பனக் குடியெழுப்பறதுக்காக நெய்ஞ்சேன்னு சொல்லுவியா?” குரல் உயர்ந்தது. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். “முப்பது வயசுல உனக்கு இவ்ளோ கீதா? என் தறியில, என் பாவ, என்னக் கேக்காம அறுத்துட்டுக் குந்திகினு கீற. அவன் வந்து எழுப்பியிருந்தாக்கூட மானமாப் போயிருப்பேன். நீ எழுப்பற.”

“ஆமா. நான்தான் எழுப்பறேன். வேற யாரும் எழுப்பக் கூடாதுன்னுதான்.”

அண்ணன் குழியைப் பார்த்தார். தண்ணீர் ஏறியிருந்தது. மிதிபலகை மிதந்துகொண்டிருந்தது.

“தண்ணி எறைக்கல?”

“எறைக்க எறைக்க ஊறுது. எறைச்சிகினு இருந்தா எப்ப நெய்யறது? அப்பிடியே உட்டுட்டேன்.”

அவர் பார்வை அவள் காலுக்குப் போனது. மூன்று நாளாகத் தண்ணீரில் இருந்த கால். உள்ளங்கால் வெளுத்து, சுருக்கம் விழுந்து, வேகவைத்த மாதிரி இருந்தது. கட்டைவிரல் இடுக்கில் மிதிக்கயிறு அறுத்த இடத்தில் சதை பிளந்திருந்தது. பவித்ரா நைட்டியை இழுத்துக் காலை மூடினாள்.

“தேங்காண்ண எட்டா” என்றார் அண்ணன், அண்ணியிடம்.

அண்ணி கொண்டுவந்த எண்ணெய்ப் புட்டியை வாங்கி மகள் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு, வேட்டி மூட்டையை இழுத்துப் பிரித்தார். பிடி பிடியாகப் போட்டிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டை அவிழ்த்துத் திரும்ப முடிந்தார்.

“வால் ஒரு மொழம் உட்டுகீற” என்றார்.

“அங்க போயி பிணைக்கணும்ல?”

அண்ணன் மூட்டையை மறுபடி கட்டினார். “பொண்ணு வூட்ல போயி...” என்று ஆரம்பித்தார்.

“சும்மா ஒண்ணும் வாணாம். வாடக குடுங்க” என்றாள் பவித்ரா.

“இன்னா?”

“வாடக. மாசம் பொறந்தா அஞ்சாந் தேதிக்குள்ள குடுத்துரணும். இருவத்தாறு வருசம் எவன் எவனுக்கோ குடுத்தீங்க. எனக்குக் குடுத்தா கொறைஞ்சா பூடுவீங்க? ஒரு மாசம் தவறினா நான் கேப்பேன்.”

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. அண்ணன் வெகுநேரம் மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

“அட்வான்ஸ் எவ்ளோ?”

மார்கழி பிறப்பதற்கு முன்னால் புதுக்காமூர் வீடு ரிஜிஸ்டர் ஆகிவிட்டது. எங்கள் வீட்டை வாங்க ஹேமநாத் ஒரு பார்ட்டியைப் பிடித்துவிட்டான். எனக்கு அதே தெருவில் பின்கட்டாக ஓர் அறை கிடைத்தது. சாமான்களை ஏற்றி அனுப்பிய பிறகும் அண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை. குழியை மூட வேண்டும் என்றார்.

ஹேமநாத் போனில், “அண்ணே, இடிக்கப் போற வூடு. எதுக்கு வீண் செலவு? அப்பிடியே உட்டுட்டுப் போங்க” என்றான்.

“உங்கப்பாவாண்ட ஒத்துகினு தோண்டனேன் தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தோண்டியபோது வந்த மண் இல்லை. அதைக் குழைத்துத்தான் அந்த நாளில் தோட்டத்தில் துணி துவைக்கிற மேட்டைப் போட்டிருந்தார். அதற்குமேல் அருணாச்சலம் சிமெண்டு பூசிவிட்டார். வேறு வழி இல்லாமல் ஒரு டிராக்டர் லோடு மண் சொன்னார்.

டிராக்டர்க்காரன் வந்து இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். “எந்த மனைங்க? எங்க கொட்டணும்?”

“மன இல்லப்பா. வூட்டுக்குள்ள” என்றார் அண்ணன்.

“வூட்டுக்குள்ளயா?”

“நீ வாசல்ல கொட்டு. நாங்க வாரிக்கறோம்.”

கொட்டி முடித்ததும் பவித்ரா போனை எடுத்து, பணம் அனுப்ப அவனிடம் நம்பர் கேட்டாள். அண்ணன் அவள் கையைத் தள்ளினார். இடுப்பு மடிப்பிலிருந்து பணத்தை எடுத்தார்.

“நீ குடுக்காத. அது உன் வூடு. இது என் மண்ணு.”

“வுடுடி. வாழ்நாள்ல மொத மொதல்ல மண்ணு வாங்கறாரு” என்றாள் அண்ணி.

அண்ணன் திரும்பி அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு என்ன தோன்றியதோ, சிரிப்பு வந்துவிட்டது. டிராக்டர்க்காரனும் எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனான்.

நாங்கள் மூன்று பேரும் கூடையில் வாரிக்கொண்டுபோய்க் கொட்டினோம். அண்ணன் குழிக்குள் இறங்கி நின்று மிதித்தார். வலது கால், இடது கால், மறுபடி வலது கால். மண் ஏற ஏற அவரும் ஏறி வந்தார். கடைசியில் தரைக்கு வந்து நின்றபோதும் கால் நிற்கவில்லை. “போதும்ப்பா, எறங்கிடுச்சு” என்று பவித்ரா தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார்.

வாசலில் பாதி லோடு மிச்சம் இருந்தது. அண்ணன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“பலகைய எடு அபிதா.”

அரிசி டிரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பலகையை நகர்த்தினோம். ஊற்று வடிந்து ஈரம் மட்டும் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். மிதிபலகை இருந்த இடத்துக்குக் கீழே, மண் தரையில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். மணவாளன் நாடாவை நிறுத்திவிட்டு அறுந்த இழையை முடியும்போதெல்லாம் குதிகாலை ஊன்றிக்கொள்கிற இடம்.

அண்ணனும் பார்த்தார். கூடை நிறைய மண்ணை எடுத்துவந்து விளிம்பில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“நான் போடட்டா, நீ போடறியா?”

கூடையை நானே வாங்கினேன். கனமாகத்தான் இருந்தது. குழியோரம் உட்கார்ந்து, சிதறாமல், முதலில் அந்த இரண்டு பள்ளத்திலும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அண்ணன் அடுத்த கூடைக்குப் போனார்.